புருஸ்கெத்தா: தக்காளி இட்ட சுட்ட ரொட்டி

புருஸ்கெத்தா என்பது நடு இத்தாலியில் தோன்றிய ஓர் எளிய உணவு ஆகும். கனமாக வெட்டிய ரொட்டித் துண்டைத் தணலில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் அதன்மேல் பச்சைப் பூண்டைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் இட்டு உண்பதே இதன் அடிப்படை வடிவம். இன்று உலகெங்கும் உணவகங்களில் இப்பெயரில் பரிமாறப்படுவது பெரும்பாலும் தக்காளி புருஸ்கெத்தாவே. அதாவது, மேற்சொன்ன ரொட்டியின்மேல் பொடியாக நறுக்கிய தக்காளியும் பேசில் இலையும் வைக்கப்படும். இதனால் பலரும் இதை ஒரு தக்காளிப் பண்டம் என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இது ரொட்டியும் எண்ணெயும் சேர்ந்த பண்டம். தக்காளி பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. வீட்டில் செய்வோர் தக்காளிக் கலவையில் முழுக் கவனத்தையும் செலுத்திவிட்டு, ரொட்டியை ஏனோதானோவென்று வாட்டுவதால்தான் பெரும்பாலும் பண்டம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது.

இக்கட்டுரையில் ரொட்டி என்பது தமிழ்நாட்டில் பிரெட் என்றும் இலங்கையில் பாண் என்றும் வழங்கும் புளித்த மாவு ரொட்டியைக் குறிக்கும். சப்பாத்தி வகையை அன்று.

பெயரும் ஒலிப்பும்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் பலர் இதைப் ‘புருஷெட்டா’ என்று ஒலிக்கின்றனர். அது தவறான ஒலிப்பு. இத்தாலிய எழுத்துமுறையில் ‘சி’, ‘எச்’ ஆகிய இரண்டு எழுத்துகளும் சேர்ந்து வந்தால் ‘க்’ என்றே ஒலிக்கும். மேலும் இத்தாலியரின் ‘டி’ எழுத்து, நாக்கின் நுனி மேற்பல்லைத் தொட்டு எழும் ஒலி. அது ஆங்கில ‘ட’வைவிடத் தமிழ்த் தகரத்துக்கு நெருங்கியது. எனவே தமிழில் ‘புருஸ்கெத்தா’ என்று எழுதுவதே மூல ஒலிப்புக்கு அண்மையானது. ‘புரூஸ்கெட்டா’ என்ற வடிவமும் தமிழில் வழங்குகிறது. இத்தாலியில் பன்மை வடிவம் ‘புருஸ்கெத்தே’ ஆகும்.

உரோம் நகர வட்டார வழக்கில் ‘புருஸ்காரே’ என்ற வினைச்சொல்லுக்குத் தணலில் வாட்டுதல், சுடுதல் என்பது பொருள். அதிலிருந்தே இப்பெயர் பிறந்தது. ஆகவே பெயரில் சுடுதல் இருக்கிறது, தக்காளி இல்லை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் கடைகளில் நறுக்கிய தக்காளிக் கலவையைப் புட்டியில் அடைத்துப் ‘புருஸ்கெத்தா’ என்று எழுதி விற்கின்றனர். இட்லிப்பொடிப் பொட்டலத்தின்மேல் ‘இட்லி’ என்று எழுதி விற்பதைப் போன்றது இது.

தோற்றம்: பழைய ரொட்டியும் புதிய எண்ணெயும்

இத்தாலியின் நாட்டுப்புறங்களில் முன்பு ரொட்டி நாள்தோறும் சுடப்படவில்லை. விறகு எரித்து அடுப்பைச் சூடேற்றுவது செலவும் உழைப்பும் மிக்க வேலை. எனவே வாரத்துக்கு ஒருமுறையோ, சில ஊர்களில் அதற்கும் கூடிய இடைவெளியிலோ பெரிய பெரிய ரொட்டிகளாகச் சுட்டு வைத்துக்கொண்டனர். முதல் இரண்டு நாள் மென்மையாக இருக்கும் ரொட்டி, பிறகு நாளுக்கு நாள் கெட்டியாகும். ஏழைக் குடும்பத்தில் அதைத் தூக்கி எறிய முடியாது. ரொட்டி என்பது அங்கு வெறும் உணவன்று, மதிப்புக்குரிய பொருளும்கூட. மேசையில் ரொட்டியைத் தலைகீழாக வைப்பதே ஆகாது என்னும் நம்பிக்கை இத்தாலியில் இன்றும் உண்டு.

ஆகவே பழைய ரொட்டிக்கென்றே ஒரு சமையல் மரபு வளர்ந்தது. நனைத்துப் பிழிந்து வெங்காயம், வெள்ளரிக்காய், தக்காளி சேர்த்தால் அது பன்சனெல்லா. காய்கறியும் அவரை வகையும் சேர்ந்த சாற்றில் ஊறவிட்டு மறுநாள் மீண்டும் கொதிக்கவைத்தால் ரிபொல்லீத்தா. தக்காளிக் கூழில் கரைய வேகவிட்டால் பாப்பா அல் பொமொதோரோ. இவை மூன்றும் டஸ்கனி மாநிலத்துக்குப் பெயர் பெற்றவை. இவற்றுக்கெல்லாம் சற்றுப் பொழுது வேண்டும். பொழுது இல்லாதவனுக்கு உரியது புருஸ்கெத்தா: துண்டு போட்டுத் தணலில் காட்டி, எண்ணெய் விட்டு உண்ண வேண்டியதுதான்.

ரொட்டி ஏன் கெட்டியாகிறது என்பது மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. ஈரம் போய் உலர்ந்துவிடுவதால்தான் என்று தோன்றும். ஆனால், ஈரம் வெளியேறாதபடி மூடி வைத்த ரொட்டியும் கெட்டியாகவே செய்கிறது என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ 1852 ஆம் ஆண்டிலேயே காட்டினார். சுடும்போது நீரை உறிஞ்சி நெகிழ்ந்த மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்கான படிக அமைப்புக்குத் திரும்புவதே இதன் முதன்மைக் காரணம். பழைய சோறு விறைப்பதும் இதனால்தான். ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் இந்த அமைப்பு குலைந்து ரொட்டி மீண்டும் நெகிழும். பழைய ரொட்டியைத் தணலில் காட்டும்போது உள்ளே மென்மையும் வெளியே மொறுமொறுப்பும் ஒருசேர வருவதற்கு இதுவே விளக்கம். வேதியியல் அறியாத உழவர்கள் கைப்பழக்கத்தால் இதைக் கண்டுகொண்டனர்.

மறுபாதி எண்ணெய். நடு இத்தாலியில் ஆலிவ் அறுவடை பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடைபெறும். எண்ணெய் ஆலையில் புது எண்ணெய் வடியத் தொடங்கியதும் அதைச் சுவை பார்க்க வேண்டும். எண்ணெயை வெறுமனே குடிப்பதைவிடச் சுட்ட ரொட்டியில் ஊற்றிப் பார்ப்பது எளிது. டஸ்கனியில் இதற்கு ஃபெத்துந்தா என்று பெயர். ‘எண்ணெய் தோய்ந்த துண்டு’ என்பது பொருள். டஸ்கனியின் மரபு ரொட்டியில் உப்பே சேர்ப்பதில்லை. தனியே தின்றால் சப்பென்றிருக்கும் அந்த ரொட்டி, எண்ணெயின் சுவையை மறைக்காமல் எடுத்துக் காட்டுகிறது.

தக்காளியின் வருகை

தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இத்தாலியில் அதைப் பற்றிய முதல் குறிப்பு, மருத்துவரும் தாவர அறிஞருமான மத்தியோலி 1544 இல் வெளியிட்ட நூலில் காணப்படுகிறது. ‘பொமொதோரோ’ என்னும் இத்தாலியப் பெயருக்குப் ‘பொன் ஆப்பிள்’ என்பது பொருள். எனினும் நெடுங்காலம் அது ஒரு வியப்புப் பொருளாகவே இருந்தது. 1690களில் நேப்பிள்சில் அச்சான அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில்தான் தக்காளி சேர்ந்த செய்முறைகள் இடம்பெறுகின்றன. அவற்றுள் ஒன்று ‘ஸ்பானிய முறை’ தக்காளிச் சாறு. மக்களின் அன்றாடச் சமையலில் தக்காளி நிலைபெற்றது அதற்கும் பின்னர்தான். சுட்ட ரொட்டியில் எண்ணெய் விட்டு உண்ணும் வழக்கத்துக்குத் தக்காளி தேவைப்படவே இல்லை.

பருவங்களைப் பார்த்தாலும் இது விளங்கும். இத்தாலியில் வயல் தக்காளி கோடையில், அதாவது சூன் முதல் செப்டம்பர் வரை, நன்றாகப் பழுக்கும். புது எண்ணெய் வருவதோ நவம்பரில். ஆகவே புது எண்ணெயைக் கொண்டாடும் புருஸ்கெத்தாவில் தக்காளிக்கு இடமில்லை. தக்காளி புருஸ்கெத்தா கோடைக்காலத்துப் பண்டம். ஆண்டு முழுவதும் எல்லாம் கிடைக்கும் இக்காலத்தில் இந்த வேறுபாடு மங்கிவிட்டது.

பொருள்களும் அவற்றைத் தேர்தலும்

நான்கு பேருக்கு எட்டுத் துண்டு ரொட்டி, அரைக் கிலோ தக்காளி, இரண்டு பெரிய பூண்டுப் பல், ஐந்து அல்லது ஆறு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், பத்துப் பன்னிரண்டு பேசில் இலைகள், உப்பு ஆகியவை போதும். மிளகுத்தூள் விருப்பம்போல். பொருள்கள் மிகச் சில என்பதால் ஒவ்வொன்றின் தரமும் அப்படியே நாவில் தெரியும். மசாலாவால் மறைத்துவிட இங்கு வழியில்லை.

முதலில் ரொட்டி. தடித்த மேலோடும், உள்ளே ஒழுங்கற்ற துளைகளும், இழுத்தால் பிய்யாத உறுதியும் உடைய நாட்டுப்புற ரொட்டியே இத்தாலியர் பயன்படுத்துவது. உரோமுக்கு அருகிலுள்ள ஜென்சானோ ஊர் ரொட்டியும், தெற்கே புலியா மாநிலத்தின் அல்தமூரா ஊர் ரொட்டியும் புகழ் பெற்றவை. இவை இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெற்றவை. அல்தமூரா ரொட்டி, பாஸ்தா செய்யும் கெட்டிக் கோதுமையின் மாவால் செய்யப்படுவதால் மஞ்சள் நிறமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் செய்வோர் முதலில் தவிர்க்க வேண்டியது, பாலும் சர்க்கரையும் சேர்ந்த மெத்தென்ற இனிப்பு பிரெட். சர்க்கரை இருப்பதால் அது உள்ளே காயுமுன் வெளியே கருகிவிடும். தக்காளிச் சாறு பட்டதும் குழைந்துபோகும். பேக்கரிகளில் கேட்டு வாங்கும் சால்ட் பிரெட் அதைவிட மேல்; துண்டு போடாத முழு ரொட்டியாக வாங்கி வீட்டில் கனமாக வெட்டிக்கொள்ள வேண்டும். இயற்கைப் புளிப்பில் செய்த சவர்டோ ரொட்டியோ, புதுச்சேரி பேக்கரிகளில் கிடைக்கும் பிரெஞ்சு முறை நீள ரொட்டியோ கிடைத்தால் மிக நன்று. இலங்கையில் இந்தத் தொல்லை குறைவு. அங்கு அன்றாடம் விற்கும் பாண், குறிப்பாக ரோஸ் பாண், மேலோடு முறுகலானது. ‘பாண்’ என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அதுவும் ரொட்டியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லான ‘பானே’யும் ஒரே இலத்தீன் மூலத்திலிருந்து பிறந்தவை.

ரொட்டி ஒன்றிரண்டு நாள் பழையதாக இருப்பது நல்லது. ஆனால் பழையது வேறு, பூஞ்சை பிடித்தது வேறு. சென்னை போன்ற ஈரக் காற்றுள்ள ஊர்களில் ரொட்டி விறைக்குமுன்பே பூஞ்சை பிடித்துவிடுவது உண்டு. பச்சையாகத் தெரியும் இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சுட்டு உண்ணக்கூடாது. பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சை தாமதமாகும், ஆனால் மேலே சொன்ன படிகமாதல் அந்தக் குளிரில்தான் விரைவாக நடக்கும். பல நாள் வைக்க வேண்டுமானால் துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்து, எடுத்தவுடன் சுடலாம்.

அடுத்தது எண்ணெய். கடைகளில் ‘ஆலிவ் ஆயில்’ என்ற ஒரே பெயரில் பல தரங்கள் விற்கப்படுகின்றன. புருஸ்கெத்தாவுக்கு ஏற்றது ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்று எழுதப்பட்டதே. பழத்தை நசுக்கி, வேதிப்பொருள் சேர்க்காமல் பிரித்தெடுத்த எண்ணெய் இது. இதன் கட்டற்ற அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பயிற்சி பெற்ற சுவைஞர் குழு சுவைத்துப் பார்க்கும்போது குறை எதுவும் தென்படவும் கூடாது. ‘பொமேஸ்’ என்று எழுதியிருந்தால் அது எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்துச் சுத்திகரித்த எண்ணெய். ‘லைட்’ என்று எழுதியிருந்தால் அதுவும் சுத்திகரித்ததே. கொழுப்பு அதில் குறைவில்லை, மணமும் நிறமும்தான் குறைவு. இவ்விரண்டும் பொரிக்க உதவலாம், பச்சையாக ஊற்றி உண்ண உதவா.

நல்ல புது எண்ணெயை வாயில் விட்டால் சற்றுக் கசக்கும், தொண்டையில் மெல்லிய காரம் ஏறும். முதன்முறை சுவைப்போர் எண்ணெய் கெட்டுவிட்டதோ என்று ஐயுறுவர். அது கெட்டதன் அடையாளமன்று, புதுமையின் அடையாளம். அக்காரத்துக்குக் காரணமான பொருளுக்கு ஒலியோகேந்தால் என்று பெயர். வலிநிவாரணியான இபுபுரூஃபனைப் போன்ற செயல்பாடு அதற்கு உண்டென்று 2005 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு துண்டில் ஊற்றும் எண்ணெய் மருந்தாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நல்ல ஆலிவ் எண்ணெய் விலை மிக்கது. உற்பத்தியிலும் இடர்கள் உண்டு. புலியா மாநிலத்தின் சாலெந்தோ பகுதியில் 2013 இல் சைலெல்லா என்னும் பாக்டீரியா நோய் கண்டறியப்பட்டது. அதன்பின் இலட்சக்கணக்கான ஆலிவ் மரங்கள் பட்டுப்போயின. பல நூற்றாண்டுகள் கண்ட மரங்களும் அவற்றுள் அடங்கும். எனவே சிறிய, கருநிறப் புட்டியாக வாங்கி, வெளிச்சமும் அடுப்பின் வெக்கையும் படாத இடத்தில் வைத்துச் சில மாதங்களில் தீர்ப்பதே சிக்கனம். ஆலிவ் எண்ணெய் இல்லையென்றால் நல்லெண்ணெய் விடலாமா என்று கேட்பவர் உண்டு. செக்கு நல்லெண்ணெய் விட்ட சுட்ட ரொட்டி சுவையாகவே இருக்கும். ஆனால் அது வேறு பண்டம்.

தக்காளி செக்கச்செவேலென்று பழுத்திருக்க வேண்டும், குழைந்திருக்கக் கூடாது. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் மிகுதி, தோல் மெல்லியது. பெங்களூர்த் தக்காளியில் சதைப்பற்று மிகுதி, சுவை மட்டு. சதைக்குப் பெங்களூர்த் தக்காளியும் சுவைக்கு ஒன்றிரண்டு நாட்டுத் தக்காளியுமாகக் கலந்துகொள்வது நல்ல வழி. குளிர்பெட்டியில் வைத்த தக்காளி மணம் இழந்துவிடும். வாங்கி வந்து இரண்டு மூன்று நாள் வெளியே கூடையில் பழுக்கவிட்டால் சாதாரணக் கடைத் தக்காளியும் தேறிவிடும்.

பேசில் பற்றி ஒரு தெளிவு தேவை. இது துளசி அன்று. இரண்டும் ஓசிமம் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் துளசி வேறு இனம். இத்தாலியர் பயன்படுத்தும் பேசிலும் தமிழர் அறிந்த திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம், ஆனால் வெவ்வேறு வகைகள். சர்பத்தில் இடும் சப்ஜா விதை இச்செடியின் விதைதான். நம் ஊர் வகையின் மணம் சற்றுக் காட்டமாக இருக்கும். ஆகவே இலையின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் போதும். துளசியோ கொத்தமல்லியோ இட்டால் சுவையின் போக்கே மாறிவிடும்.

செய்முறை

தக்காளியில் ஏறக்குறைய 94 விழுக்காடு நீர். அந்த நீரை எப்படிக் கையாளுவது என்பதுதான் இந்த வேலையின் பாதி. தக்காளியைக் கழுவித் துடைத்து, காம்பின் அடிப்பகுதியை நீக்கி, ஒரு செ.மீ. அளவுத் துண்டுகளாக நறுக்கவும். முக்கால் தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிரட்டி, ஒரு கிண்ணத்தின்மேல் வைத்த வடிகட்டியில் போட்டு 15 முதல் 20 நிமிடம் விடவும். உப்பு, தக்காளியின் திசுக்களிலிருந்து நீரை இழுத்துவிடும்; துண்டுகளிலும் உப்புச் சாரம் ஏறும்.

விதையை நீக்குவதா வேண்டாமா என்பதில் சமையல் நூல்கள் மாறுபடுகின்றன. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியில்தான், நாவில் நிறைவான சுவையைத் தரும் குளூட்டமேட் சதையைவிட மிகுதியாக உள்ளது. அதை வழித்து எறிவது சுவையை எறிவதாகும். உப்பிட்டு வடிய வைப்பதே இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. கிண்ணத்தில் சேர்ந்த சாற்றைக் கொட்டிவிடக் கூடாது. இரண்டு கரண்டியைப் பிறகு தக்காளியின்மேல் தெளிக்கலாம், மீதியை இரசத்தில் சேர்த்துவிடலாம்.

தக்காளி வடிந்துகொண்டிருக்கும்போது ரொட்டியை ஒன்றரை செ.மீ. கனத்தில் வெட்டிக்கொள்ளவும். இதைவிட மெல்லியதானால் ஓடுபோல் உடையும். மிகக் கனமானால் கடிக்க வாய் போதாது. விறகுத் தணலோ கரித் தணலோ உள்ள கம்பி வலைதான் மரபு வழி. வீட்டில் இரும்புத் தோசைக்கல் அதற்கு அடுத்தபடியாக நன்கு பயன்படும். கல்லை எண்ணெய் தடவாமல் மிதமான தீயில் நன்கு காயவைத்து, துண்டுகளை இட்டுப் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வாட்டவும். கரண்டியால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் துளைகள் மூடிக்கொள்ளும். மின் அடுப்பு உள்ளோர் 220 பாகை செல்சியசில் ஆறு முதல் எட்டு நிமிடம் வைத்து, இடையில் ஒருமுறை திருப்பலாம். டோஸ்டரிலும் ஆகும், ஆனால் தீயின் மணம் வராது.

துண்டின் மேற்பரப்பு பொன்னிறமாகி, ஓரங்களிலும் மேடான இடங்களிலும் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தோன்றுவதே பதம். மேற்பரப்பின் ஈரம் வற்றி வெப்பம் 140 பாகை செல்சியசைத் தாண்டும்போது, மாவிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912 இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. வெளிறிய நிலையில் எடுத்துவிட்டால் இந்த மணமும் இல்லை, பூண்டு தேய்க்கத் தேவையான சொரசொரப்பும் இல்லை. துண்டு முழுவதும் கருகினாலோ கசப்பே மிஞ்சும்.

கல்லிலிருந்து எடுத்தவுடன், கை சுடும் சூட்டிலேயே, தோலுரித்த பூண்டுப் பல்லை மேற்பரப்பில் தேய்க்கவும். சுட்ட ரொட்டி தேங்காய்த் துருவியைப் போல் வேலை செய்து பூண்டைத் தேய்த்து உள்ளிழுத்துக்கொள்ளும். பூண்டின் செல்கள் சிதையும்போதுதான் அதிலுள்ள நொதி ஒன்று அல்லிசின் என்னும் காரப் பொருளை உண்டாக்குகிறது. எனவே எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு காரம். இரண்டு மூன்று இழுப்புப் போதும். சிறுவர்க்கு ஒன்றே மிகுதி. பூண்டை நறுக்கித் தக்காளியில் கலப்போரும் உண்டு. அப்போது அதன் நெடி தக்காளியை விழுங்கிவிடுகிறது. தேய்க்கும் முறையே சிறந்தது. பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அறை வெப்பத்தில் நாட்கணக்கில் வைத்திருப்பது இடரானது. காற்றில்லாத அச்சூழலில் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் பாக்டீரியா வளரக்கூடும்.

பூண்டு தேய்த்ததும் ஒவ்வொரு துண்டின்மேலும் அரை மேசைக்கரண்டி எண்ணெயைப் பரவலாக விடவும். தக்காளிக்கு முன்னால் எண்ணெய் என்பது முறை. சூடான ரொட்டி எண்ணெயை ஈர்த்துக்கொள்ளும். அந்த எண்ணெய்ப் படலம் தக்காளிச் சாறு உள்ளே இறங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். பிறகு, வடிந்த தக்காளியில் இரண்டு கரண்டி எண்ணெயும், கையால் கிள்ளிய பேசில் இலையும் சேர்த்து ஒருமுறை புரட்டி, துண்டுகளின்மேல் குவிக்கவும். இலையை முன்கூட்டியே கிள்ளி வைத்தால் கிள்ளிய இடம் கறுத்துவிடும். உப்பு முன்பே இருப்பதால் சுவைத்துப் பார்த்தே மேலும் சேர்க்க வேண்டும்.

இனித் தாமதம் கூடாது. தக்காளி வைத்த புருஸ்கெத்தாவின் ஆயுள் ஐந்து நிமிடம் எனலாம். விருந்தினர் வருமுன் அடுக்கி வைத்தால் நமுத்துப்போகும். தக்காளியை முன்கூட்டி நறுக்கி வடியவிடலாம், ரொட்டியை வெட்டி வைக்கலாம். சுடுவதும் சேர்ப்பதும் எல்லோரும் அமர்ந்தபின் நடக்க வேண்டும். தோசையை அடுக்கி வைக்காமல் கல்லிலிருந்து நேரே தட்டுக்குக் கொண்டுவரும் வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தி, முள்கரண்டி வேண்டாம். கையால் எடுத்து உண்பதே வழக்கம். உரோமின் பீட்சா கடைகளில் பீட்சா வெந்து வருவதற்குள் பசியாற இதைக் கொடுப்பர்.

பால்சாமிக் வினிகர் விடுவது பிற நாட்டு உணவகங்களில் பரவிவிட்டது. அந்த வினிகர் வட இத்தாலியின் மோதெனா பகுதிக்கு உரியது. நடு இத்தாலியின் இந்த எளிய பண்டத்துக்கு அது தேவையில்லை. நன்கு பழுத்த தக்காளியில் புளிப்பும் இனிப்பும் இயல்பாகவே உண்டு. தக்காளி சப்பென்று இருந்தால் வினிகரால் அதை மீட்க முயல்வதைவிட, தக்காளியை விட்டுவிட்டுப் பூண்டும் எண்ணெயும் மட்டும் இட்டு உண்பது மேல். துருவிய பாலாடைக்கட்டியும் அவ்வாறே. அது சேர்ந்தால் வயிறு நிறையும், எண்ணெயின் சுவை காணாமற்போகும்.

உறவான பண்டங்கள்

குரோஸ்தீனி என்பதும் சுட்ட ரொட்டியே. ஆனால் துண்டு சிறியது, மெல்லியது. மேலே தடவும் பொருளே அங்கு முதன்மை. டஸ்கனியில் கோழி ஈரலை அரைத்துத் தடவிய குரோஸ்தீனி புகழ் பெற்றது. அதே மாநிலத்தில் வேகவைத்த வெள்ளை பீன்சை ஃபெத்துந்தாவின்மேல் வைத்து உண்பதும் உண்டு.

புலியாவில் ஃப்ரிசெல்லா என்னும் வளைய ரொட்டியை இருமுறை சுட்டுக் கல்லைப்போல் கெட்டியாக்கி வைத்துக்கொள்வர். மாதக்கணக்கில் கெடாது. உண்ணும்போது தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தக்காளியும் எண்ணெயும் உப்பும் இடுவர். இங்கு ரொட்டி சாற்றை உறிஞ்சுவதே நோக்கம். புருஸ்கெத்தாவில் தவிர்க்க வேண்டியது இதில் வேண்டப்படுகிறது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் தக்காளியை நறுக்காமல், குறுக்கே வெட்டி ரொட்டியில் அழுத்தித் தேய்த்துத் தோலை எறிந்துவிடுவர். எஞ்சுவது சிவப்புக் கறையேறிய ரொட்டியும் எண்ணெயும்தான். வட இத்தாலியின் பியட்மாண்ட் மாநிலத்திலோ தக்காளிக்கு வேலையே இல்லை. திராட்சை அறுவடைக் காலத்தில் ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, எண்ணெயும் உப்பும் இட்டு, அப்போது பறித்த திராட்சைக் குலையோடு கடித்து உண்கின்றனர். ‘சோமா தாய்’ என்பது அதன் பெயர்.